அப்பாவுக்குத் தனிச் சோறு

போன வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு ரைஸ் குக்கர் செத்துப்போனது. ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. பொத்தானைத் தட்டினேன், கீழே நிற்க வேண்டியது நிற்காமல் மேலே வந்துவிட்டது. மறுபடி தட்டினேன். அப்புறம் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றேன், நான் அப்படி நிற்பதைப் பார்த்து அதற்கு மனம் இரங்கும் என்று நினைத்தேனோ என்னவோ. அடியிலிருந்து வயர் கருகுகிற வாசனை வந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். வாசனை மட்டும் சமையலறையைவிட்டுப் போகவில்லை. பிளாஸ்டிக்கும் ஈயமும் சேர்ந்து சூடேறுகிற ஒரு வாசனை. ஜன்னலைத் திறக்கப் போனவன் திறக்காமல் நின்றுவிட்டேன். அது என் அக்காவின் யூனிஃபார்ம் வாசனை.

ஒரு சோற்றுச் சட்டிக்கா இவ்வளவு துக்கம் என்று நீங்கள் கேட்கலாம். நான் ஸ்கூல் முடிப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்த குக்கர் அது. மூடியின் கைப்பிடி போய், சைக்கிள் கடையில் கேட்டு வாங்கின ஒரு திருகாணியால் சமாளித்துக்கொண்டிருந்தேன். வயரை எத்தனை தரம் மாற்றினேன் என்று எனக்கே நினைவில்லை. கிள்ளானில் ரிப்பேர் கடை வைத்திருந்த சீனர், "பாஸ், இத மியூசியத்துக்குக் குடுலா" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அந்தக் கடையும் இப்போது இல்லை. கைப்பேசி உறை விற்கிறார்கள் அங்கே.

அதே காலையில்தான் எங்கள் தாமான், அதாவது குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்திருந்தது. தூரத்தில் ஒரு நாடு இன்னொரு மக்களைக் குண்டு போட்டுக் கொல்கிறது. அந்த நாட்டோடு சம்பந்தப்பட்ட சாமான்களை இனி யாரும் வாங்கக்கூடாது என்று, ஒவ்வொன்றின் மேலும் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு அனுப்பியிருந்தார்கள். சோப்பு, காப்பி, குழந்தைகளுக்கான பால் மாவு எல்லாம் இருந்தது. ஆளாளுக்குக் கைகூப்பின படம் போட்டார்கள். பக்கத்து வீட்டுச் சேகர் மட்டும் என்னைக் குறிப்பிட்டு, "அண்ணே, நீங்க ஒண்ணும் சொல்லலயே? நீங்கதானே இந்த லைன்ல வேலை செஞ்சவங்க" என்று எழுதியிருந்தான்.

இந்த லைன் என்று அவன் சொன்னது என் உத்தியோகத்தை. கிள்ளான் துறைமுகத்தில் ஒரு ஃபார்வர்டிங் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். கப்பலில் ஏறுகிற, இறங்குகிற சாமான் எந்த நாட்டில் செய்தது என்று டைப் அடிப்பதுதான் காலம் முழுக்க என் வேலை. அந்த வேலையில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள்: ஒரு சாமான் எந்த நாட்டில் செய்தது என்று யாருக்கும் தெரியாது. இரும்பு ஓர் இடம், வயர் ஓர் இடம், அட்டைப்பெட்டி இன்னோர் இடம். கடைசித் திருகாணியை முடுக்கினவன் தன் ஊர்ப் பெயரை ஒட்டிவிடுவான். இது தெரிந்தும், ஒரு சாமானைக் கையில் எடுத்தால் முதலில் குப்புறப் போட்டு அடியைப் பார்க்கிற பழக்கம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. அது ஆபீசில் வந்த பழக்கம் இல்லை. அப்பாவிடமிருந்து வந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் அப்பாவைத் தெரியாதவர்கள் கிடையாது. ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளம் பிரிகிற இடத்தில் நின்று, எந்த ரயில் எந்தப் பாதையில் போக வேண்டுமோ அதற்கு நெம்புகோலை இழுத்துவிடுகிற வேலை. ஆனால் அவர் பேர் வாங்கினது அதற்காக இல்லை. எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி எந்தச் சாமான் வந்தாலும் அவர் கையில் போய்த்தான் உள்ளே போகும். தலைகீழாகத் திருப்புவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அடியில் இருக்கிற எழுத்தை ஒவ்வொன்றாக வாசிப்பார். ஜப்பான் என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். "நம்ம வீட்டுக்கு வேணாம்." அவ்வளவுதான் பேச்சு. அக்கா பெரியவளானபோது என் மாமா, அம்மாவின் தம்பி, சீர்வரிசைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்த சுடுதண்ணீர் ஃபிளாஸ்க்கைக்கூட அப்பா சபையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். மாமா அடுத்த இரண்டு தீபாவளிக்கு எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

எல்லார் வீட்டிலும் ஜப்பான் ரேடியோ, ஜப்பான் ஃபேன், ஜப்பான் மோட்டார் சைக்கிள். எங்கள் வீட்டில் மட்டும் பழைய வெள்ளைக்காரன் மோட்டார் சைக்கிள் ஒன்று, யாரிடமோ வாங்கினது. ஒழுகுகிற எண்ணெய்க்கு அடியில் ஒரு பால் டின் வைத்திருப்போம். ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது நல்ல மழையில் அது நின்றுபோனது. பின்னால் பட்டுச் சேலையில் அம்மா. அடுத்த வீட்டுக்காரர் தன் ஜப்பான் மோட்டாரில் வந்து, "அக்கா, ஏறுங்க, கொண்டுபோய் விட்டுட்டு வரேன்" என்றார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டபம் வரைக்கும் நடந்தே போனாள். வாழ்நாள் முழுக்க இந்தக் கதையை விருந்தாளிகளிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். சொல்லி முடித்ததும் அவள் முகத்தில் சிரிப்பு இருக்காது. சின்ன வயதில் எனக்கு அது புரியவில்லை.

குவார்ட்டர்ஸ் ஆட்கள் சும்மா விடுவார்களா? "ஏம்பா, நீ நெம்புகோல் இழுத்துவிடுற எஞ்சினே ஜப்பான்லேர்ந்து வந்ததாச்சே?" என்று மடக்குவார்கள். அப்பா யோசிக்கவே மாட்டார். "அது கவர்மெண்டு வாங்கினது. நான் வாங்கல" என்பார்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். மலாயாத் தமிழன் வீட்டில் தோண்டினால் பாதி வீட்டில் இந்தக் கதை இருக்கும். அப்பா வாய்திறந்து எங்களிடம் சொன்னதில்லை, அம்மா சொன்னதுதான். பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அப்பாவின் அப்பா பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்தபின் தோட்டத்தில் அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்குதான் காலையும் மாலையும். ஒரு நாள் ஆபீஸ் வாசலில் அரிசி கொடுக்கிறார்கள் என்று சொன்னார்கள். கையில் கோணிப்பையை எடுத்துக்கொண்டு போனார். போன ஆம்பிளைகளையெல்லாம் லோரியில் ஏற்றி, அங்கிருந்து ரயிலில் ஏற்றி, சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காட்டுக்குள் ரயில் பாதை போட. கூடப் போனவர்களில் திரும்பி வந்தவர் ஒரே ஒருத்தர். அவரும், மழைக்காலத்தில் கூடாரத்தில் காலரா வந்தது, அதற்குமேல் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். எந்த இடம், எந்த நாள், புதைத்தார்களா எரித்தார்களா, ஒன்றும் தெரியாது. திதி கொடுக்க நாள் தெரியாததால் அப்பா ஆடி அமாவாசையில் கொடுப்பார். அப்பாவுக்கு அப்போது விவரம் தெரிந்தும் தெரியாத வயது. எங்கள் வீட்டில் மரவள்ளிக்கிழங்கும் கிடையாது, ஜப்பான் சாமானும் கிடையாது.

ரயில் பாதை போடப் போய்ச் செத்தவரின் மகன் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தது எப்படி என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவருக்கு ரயிலோடு சண்டையில்லை போலிருக்கிறது. அல்லது கிடைத்த வேலை அதுதான்.

இப்போது அக்காவுக்கு வருகிறேன். அவளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். குட்டை. எதற்கெடுத்தாலும் உதட்டை ஒருபக்கமாகச் சுழிப்பாள். பாடத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனால் ஒருத்தரைத்தான் படிக்கவைக்க முடியும் என்ற நிலை வந்தபோது, வழக்கம்போல அந்த ஒருத்தர் பையனாகப் போய்விட்டார். அவள் ஷா ஆலமில் ஃபேக்டரி வேலைக்குப் போனாள். அந்தக் காலத்தில் விடியும் முன்பே பிரிக்ஃபீல்ட்ஸில், காப்பாரில், பந்திங்கில் என்று தெருத்தெருவாக ஃபேக்டரி பஸ் வந்து நம் பெண்களை அள்ளிக்கொண்டு போகும். சேர்ந்த முதல் வாரம், எந்தக் கம்பெனி என்று வீட்டில் அவள் சொல்லவே இல்லை. "மின்சாரச் சாமான் செய்ற கம்பெனி" என்று பூசி மெழுகினாள்.

பஸ்ஸின் பக்கவாட்டில் பேர் எழுதியிருக்கும் என்பதை அவள் மறந்துவிட்டாள். ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்த அப்பா, ரோட்டோரத்தில் நின்று அதை ஒவ்வொரு எழுத்தாக வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டினார். முகம் கழுவினார். மறுநாள்தான் பேசினார்.

"வேலை செய்றது வேற. வாங்குறது வேற."

ராத்திரி முழுக்க அதை நெய்துகொண்டு கிடந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அக்காவின் சம்பளம் இல்லாமல் எங்கள் வீடு ஓடாது என்று அவருக்குத் தெரியும். அந்த வாக்கியத்துக்குள் மூன்று பேர் பிழைத்துக்கொண்டோம். அக்கா பிழைத்தாளா என்பது வேறு விஷயம்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் வரும்போதே அந்த வாசனை வரும். நீலச் சட்டையில் ஈயம் பற்றவைத்த புகையும் புதுப் பிளாஸ்டிக்கும் ஏறியிருக்கும். அம்மா எவ்வளவு துவைத்தாலும் போகாது. ரைஸ் குக்கர் லைனில் அவளுக்கு வேலை. முதலில் வயர் பற்றவைத்தாள். அப்புறம் லைனின் கடைசிக்கு மாற்றினார்கள். அங்கே ஒவ்வொரு குக்கரையும் பிளக்கில் போட்டு, பொத்தானைத் தட்டி, நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு குப்புறப் போட்டு, அடியில் லேபிள் ஒட்ட வேண்டும். ஆமாம், அப்பா வாசிக்கிற அதே லேபிள். அதைச் சொல்லிச் சொல்லி என்னிடம் சிரிப்பாள். "டேய், நாங்க ஒட்டி ஒட்டி அனுப்புறோம், நம்ம வீட்டுல ஒருத்தர் திருப்பித் திருப்பிப் படிக்கிறாரு."

ஒரு தீபாவளிக்கு முன்னால் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்களுக்கு மலிவு விலையில் சாமான் கொடுத்தார்கள். அக்கா ஒரு குக்கர் வாங்கிக்கொண்டு வந்தாள். பஸ் இறங்கி அந்தப் பெட்டியை அவள் தூக்கிக்கொண்டு வந்தது இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. குழந்தையை இடுப்பில் வைத்த மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தாள். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெட்டியைத் திறக்காமலே தடவிக்கொண்டிருந்தாள். அக்கா நேராக அப்பாவிடம் போனாள். அவளே குக்கரை எடுத்து, அவளே குப்புறப் பிடித்து, அவர் கண்ணுக்கு நேராகக் காட்டினாள்.

அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "மேட்... இன்... மலேசியா." வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "கம்பெனி யாருது?"

"கம்பெனி அவனுதுதான்பா. ஆனா இத நாங்கதான் செய்றோம். நானு, காப்பார்லேர்ந்து வர்ற தனம், இன்னொரு மலாய்க்காரப் பொண்ணு. இந்த லேபிள்கூட நான்தான் ஒட்டினேன். பாருங்க, கொஞ்சம் கோணலா இருக்குல்ல? நம்ம வீட்டுக்குன்னு அடையாளத்துக்கு அப்படி ஒட்டினேன்."

அப்பா அந்தக் கோணலைப் பார்த்தார். தொடக்கூடத் தொட்டார். எனக்கு, ஆயிற்று, ஜெயித்துவிட்டாள் என்று தோன்றியது.

"அரிசி வாங்கப் போன மனுசன்மா அவரு" என்றார். "அவன் சட்டியில வெந்த அரிசி எனக்கு இறங்காது. நீங்க சாப்பிடுங்க. எனக்கு வேணாம்."

ஃபிளாஸ்க்காகவோ ஃபேனாகவோ இருந்திருந்தால் அன்றைக்கு மனம் இரங்கியிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவள் வேலை செய்த லைன் சோறு ஆக்குகிற லைனாக இருந்தது யார் செய்த குற்றம்?

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு சோறு. எங்களுக்குக் குக்கரில். அப்பாவுக்கு அடுப்பில், அலுமினியச் சட்டியில், கஞ்சி வடித்து. வேலையைக் குறைக்க வந்த சாமான் அம்மாவின் வேலையை இரண்டு மடங்காக்கிவிட்டது. வடிக்கும்போது அவள் சட்டியைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

இப்படியே ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவுக்குக் காய்ச்சல். அக்கா சமைத்தாள். ஆட்டிறைச்சிக் குழம்பு, அப்பாவுக்குப் பிடித்த மாதிரி மிளகு தூக்கலாக. அப்பாவுக்குத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு நகராமல் நின்றாள். அப்பா பிசைந்து ஒரு வாய் எடுத்தார். கஞ்சி வடித்த சோறு உதிரியாக நிற்கும். குக்கர் சோறு கஞ்சி உள்ளேயே வற்றி விரலில் ஒட்டும். ஆயுசு முழுக்கச் சோறு தின்றவருக்கு அது தெரியாதா? வாயில் இருந்ததை விழுங்கினார். துப்பவில்லை, அதைச் சொல்ல வேண்டும். தட்டை மெதுவாக ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார். கோபமாக ஒரு சொல் இல்லை. திட்டியிருக்கலாம்.

அக்கா அந்தத் தட்டை எடுத்தாள். நின்றபடியே, அவர் பிசைந்த அந்தச் சோற்றை முழுவதும் சாப்பிட்டாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. பிறகு அடுப்பைப் பற்றவைத்து அவருக்கு அரிசி போட்டாள். அதற்குப் பிறகு இந்த விஷயத்தைப் பற்றி அவள் வாயிலிருந்து எதுவும் வந்ததில்லை. லேபிள் கதை சொல்லிச் சிரிப்பதும் நின்றுபோனது.

அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கிள்ளானுக்கு வந்தோம். அக்கா பேரில் கடன் எடுத்து வாங்கின வீடு. ஜப்பான்காரன் சம்பளத்தில் எழும்பின கூரைக்குக் கீழே அப்பா ஜப்பான் ஃபேனை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வியர்வையில் உட்கார்ந்திருப்பார். எனக்குச் சிரிப்பாகவும் வரும், எரிச்சலாகவும் வரும். எனக்கும் அப்போது துறைமுகத்தில் வேலை கிடைத்துவிட்டது. அக்காவுக்கு இரண்டு மூன்று வரன் வந்து தட்டிப்போனது. பிறகு அவளே வேண்டாம் என்றுவிட்டாள். நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு டெங்கி வந்தது. காய்ச்சலோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. "அம்மாவுக்கு ஹெல்ப் பண்ணுடா, ரெண்டு வாட்டி சோறு ஆக்குறாங்க" என்று என்னிடம் சொன்னாள். அதுதான் அவள் கடைசியாகச் சொன்னது என்று சொன்னால் கதை கட்டுகிறேன் என்பீர்கள். கடைசியாகச் சொன்னது, தலையணையைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னது. முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயசுதான் அவளுக்கு. ஃபேக்டரியிலிருந்து ஒரு பஸ் நிறையப் பெண்கள் வந்தார்கள். எல்லார் சட்டையிலும் அந்த வாசனை. வீடு முழுக்க அந்த வாசனை. அம்மா ஒவ்வொருத்தியையும் கட்டிப்பிடித்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் போனபின், மறுநாள் மத்தியானம் அம்மா அடுப்பில் அலுமினியச் சட்டியை வைத்தாள். அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார். அங்கே அவர் வருவதே கிடையாது.

"எனக்கும் அதுலயே போடு" என்றார்.

அம்மா திரும்பவில்லை. "எதுல?"

"அவ கொண்டாந்ததுல."

அம்மா அரிசி களைந்துகொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் களைந்தாள். பிறகு திரும்பி அவரைப் பார்த்தாள். மழையில் நடந்துபோன அன்றைக்குப் பார்த்தாளே, அப்படி இல்லை. அப்படி ஒரு பார்வையை நான் அவளிடம் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

"எம்பொண்ணு தட்டுல போட்டு, பக்கத்துல நின்னா. அப்ப இறங்கல. இப்ப எதுக்கு? வேணாம்."

அவர் வாயிலிருந்து எத்தனையோ சாமானுக்கு வந்த சொல். இந்தத் தடவை அம்மா சொன்னாள். அப்பா கூடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா அடுப்பில் அவருக்குத் தனியாகச் சோறு வடித்துப் போட்டாள். அவர் சாப்பிட்டார்.

அம்மா இருந்தவரைக்கும் அது மாறவில்லை. கை நடுங்க ஆரம்பித்த பிறகும் அந்தச் சட்டியைச் சாய்த்துக் கஞ்சி வடித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் ஒருமுறை, "போதும்மா, ஒரே இடத்துல ஆக்கிடலாமே" என்று ஆரம்பித்தேன். "நீ பேசாத" என்றாள். சண்டை என்று வெளியில் ஒன்றும் தெரியாது. மற்றதெல்லாம் பழைய மாதிரிதான். சேர்ந்து கோயிலுக்குப் போனார்கள், அவர் மாத்திரையை அவள் எடுத்துக் கொடுத்தாள். சோற்றில் மட்டும் மன்னிப்பு இல்லை. ஒரு மத்தியானம் ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா சமையலறையில் குக்கரை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அதன் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்த வழியே வெளியில் போய், கேட்டைச் சத்தமாகத் திறந்துகொண்டு மறுபடி வந்தேன்.

அம்மா போனபின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர். முதல் நாள் நான் இருவருக்கும் சேர்த்து அரிசி களைந்து குக்கரில் போட்டேன். இனிமேல் யார் தடுக்கப்போகிறார்கள்? அப்பா உள்ளே வந்தார். குக்கர் மூடியைத் திறந்து, தண்ணீருக்குள் கையை விட்டு, தன் பங்கு அரிசியை அள்ளி அள்ளி அலுமினியச் சட்டியில் போட்டுக்கொண்டார். அடுப்பைப் பற்றவைக்கத் தெரியவில்லை, என்னைப் பார்த்தார்.

"அப்பா, ஏம்பா..."

"உங்கம்மா வேணாம்னுட்டா."

அதன் பிறகு அவரே வடிக்கக் கற்றுக்கொண்டார். முதல் மாதம் கையைச் சுட்டுக்கொண்டார். குழைந்துபோகும், அல்லது நறுக்கென்று நிற்கும், அப்படியே சாப்பிடுவார். படுக்கையில் விழுந்த கடைசிக் காலத்தில் நான் வடித்துக் கொடுத்தேன். அவரை ஏமாற்ற நான் நினைக்கவில்லை, ஏமாறக்கூடிய ஆளும் இல்லை அவர். ஜப்பானை அவர் மன்னித்தாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கடைசிக் காலத்தில் ஜப்பான் பேச்சே வரவில்லை. அவர் வேறொரு தண்டனையில் இருந்தார்.

இதெல்லாம் சேகருக்கு நான் எப்படி எழுதுவேன்?

குக்கர் செத்த அன்று சாயங்காலம் கிள்ளான் லிட்டில் இந்தியா பக்கத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். குளிர்சாதனக் காற்று, புது அட்டை வாசனை. வரிசையாக வெள்ளையும் கறுப்புமாகக் குக்கர்கள். ஒவ்வொன்றாகக் குப்புறப் போட்டுப் பார்த்தேன். யூனிஃபார்ம் போட்ட ஒரு தமிழ்ப் பெண் ஓடி வந்தாள். இருபது வயசு இருக்கும்.

"அங்கிள், பாத்து, பாத்து! என்ன தேடுறீங்க?"

"எங்க செஞ்சதுன்னு பாக்குறேன்மா."

"ஓ, அந்த லிஸ்ட் பாத்துட்டு வந்தீங்களா? இப்ப நெறைய பேரு கேக்குறாங்க லா. இதெல்லாம் ஓகே அங்கிள், ஜப்பான் பிராண்ட், பிராப்ளம் இல்ல. எடுங்க."

அக்காவின் கம்பெனிப் பேர்தான். ஷா ஆலமில் அந்த ஃபேக்டரி எப்போதோ மூடிவிட்டது, இப்போது அங்கே சாமான் அடுக்கிவைக்கிற கிடங்கு. நான் லேபிளை வாசித்தேன். பாடம் தெரியாத பிள்ளை மாதிரி, அப்பா மாதிரியே, எழுத்து எழுத்தாக வாசித்தேன். மேட் இன் தாய்லாந்து.

என் வேலையில் இந்த வார்த்தையை எத்தனையோ தடவை டைப் அடித்திருக்கிறேன். அன்றைக்கு இன்னொரு தரம் வாசித்தேன். "சயாம்" என்றேன், சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"என்ன அங்கிள்?"

"சயாம்மா. தாய்லாந்தோட பழைய பேரு. எங்க தாத்தாவைக் கொண்டுபோன ஊரு. ரயில் பாதை போட. கேள்விப்பட்டதில்லையா? உங்க வீடு எங்க?"

"காப்பார்." அவள் யோசித்தாள். மரியாதைக்காகத்தான் யோசித்தாள். "தெரியல அங்கிள். தாய்லாந்து தெரியும். போன வருஷம் ஹாட்யாய் போனோம், ஃபேமிலியோட. ஷாப்பிங் செம மலிவு லா." சொல்லிவிட்டு நல்ல பிள்ளையாகச் சிரித்தாள். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. காப்பாரிலிருந்து வந்த தனத்தின் பேத்தியாகக்கூட இருக்கலாம். கேட்க வாய் வரவில்லை.

குக்கரை நிமிர்த்தி, இருந்த இடத்திலேயே வைத்தேன். "அப்புறம் வரேன்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். சேகரின் கேள்விக்கு என் பதில் என்ன என்று கேட்டால், வாங்காதே என்று சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. செத்தவர்களுக்காகச் சாதாரண மனுசன் செய்யக்கூடியது சில சமயம் அது ஒன்றுதான். அப்பாவுக்கு வேறு என்ன கையில் இருந்தது? சேகர் கேட்டது நியாயம், அப்பா செய்ததும் நியாயம்தான். ஆனால் அதை ஜப்பானில் ஒருத்தன்கூடத் தெரிந்துகொள்ளவில்லை. அது போய்ச் சேர்ந்தது, லேபிளைக் கோணலாக ஒட்டிக்கொண்டு வந்தவளிடம் மட்டும். பதில் எழுதப் போனேன். அழித்துவிட்டேன். கைகூப்பின படம் ஒன்றை மட்டும் போட்டேன்.

குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள். ஃபேக்டரி பஸ்ஸில் வேறு நாட்டுப் பெண்கள் போகிறார்கள். சயாமிலிருந்து திரும்பி வந்த அந்த ஒருத்தரும் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிறது. பழைய குக்கரை இன்னும் தூக்கிப் போடவில்லை. கவிழ்த்துப் பார்த்தேன். கோணலாக ஒட்டின அந்த லேபிள் இருக்கிறது. எழுத்துதான் இல்லை. ஒருவருடைய கட்டைவிரல் பட்டுப் பட்டு, எந்த நாடு என்று வாசிக்க முடியாதபடி வழவழவென்று ஆகிவிட்டிருக்கிறது.

இப்போது அலுமினியச் சட்டியில்தான் வடிக்கிறேன். அப்பா விட்டுப்போன சட்டி. நேற்றும் பழக்கத்தில் இரண்டு பேருக்கு அரிசி களைந்துவிட்டேன். பிறகு பாதியை அள்ளித் திரும்பவும் டின்னில் போட்டேன். இந்த வீட்டில் இனி ஒரே சோறுதான்.